அப்பாவின் நுரையீரல் நாட்யூல்: ஜனவரியில் 6 மி.மீ., மே மாதம் 8.2 மி.மீ. நிஜமாகவே வளர்ந்திருக்கிறதா?

திருச்சி மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 62 வயது. பல வருடம் பீடி பிடித்தவர், விட்டு ரொம்பக் காலமாகிறது. ஜனவரியில் விடாத இருமலுக்காகத் திருச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் நெஞ்சுக்கு சி.டி. எடுத்தோம். இருமல் மருந்திலேயே போய்விட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் "வலது நுரையீரலின் மேல் மடலில் திடமான நாட்யூல், 7 × 5 மி.மீ., சராசரி 6 மி.மீ." என்று இருந்தது. நாட்யூல் என்றால் நுரையீரலில் தெரியும் சிறு உருண்டையான திட்டாம்.

மே மாதம் அப்பா சென்னையில் அண்ணன் வீட்டில் இருந்தபோது வேறொரு சென்டரில் திரும்ப எடுத்தார்கள். அதில் "வலது மேல் மடலில் 8.2 மி.மீ. நாட்யூல்" என்று மட்டும் இருக்கிறது. பழைய டிஸ்க்கை யாரும் கொண்டுபோகவில்லை. 6-லிருந்து 8.2 என்றதும் வீட்டில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் உடனே பயாப்ஸி (திசு எடுத்துப் பரிசோதிப்பது) என்கிறார். அம்மா வேண்டாம் என்று அழுகிறார். நான்கு மாதத்தில் இவ்வளவு வளருமா? இந்த அளவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கோவை வாசகர் எழுதியது:

2 மி.மீ.க்கு மேல் கூடினால் வளர்ச்சி என்றுதான் வழிகாட்டுதல்களில் படித்திருக்கிறேன். 8.2-ல் 6 போனால் 2.2. அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காலம் கடத்த வேண்டாம்.

ரேடியாலஜி அறை எழுதியது:

சகோதரி, நான் ரேடியாலஜிஸ்ட், ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர். உங்கள் அப்பாவின் படத்தைப் பார்க்காமல் இது என்ன நோய் என்று நான் சொல்லக்கூடாது. அந்த இரண்டு எண்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில், கோவை வாசகர் கழித்தது இரண்டு வேறு அளவுகளை. ஜனவரி ரிப்போர்ட்டில் நீளம் 7, குறுக்கு 5, அதன் சராசரி 6. மே ரிப்போர்ட்டில் ஒரே எண்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது நீளமான அச்சு மட்டும். அப்படியானால் 8.2-ஐ 7-உடன்தான் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 1.2 மி.மீ. ஆகிவிடுகிறது. நெஞ்சுப் படங்களுக்கான சர்வதேச மருத்துவர் அமைப்பான ஃப்ளீஷ்னர் சொசைட்டியின் 2017 பரிந்துரைப்படி நீளத்தையும் குறுக்கையும் ஒரே படத்தில் அளந்து, சராசரி எடுத்து, முழு மில்லிமீட்டருக்குச் சரிசெய்து எழுத வேண்டும். 8.2 என்று தசமம் போட்டு எழுதும்போது, இல்லாத துல்லியம் ஒன்று இருப்பதுபோலத் தெரிகிறது.

ஏன் இல்லை என்கிறேன் என்றால், சி.டி. படம் என்பது அகலத்தில் 512, உயரத்தில் 512 புள்ளிகள் கொண்ட கட்டம். நெஞ்சுக்குப் படம் எடுக்கும் பரப்பு 350 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 0.7 மி.மீ. அதாவது 1 மி.மீ. என்பது ஒன்றரைப் புள்ளி. திரையில் நாட்யூலைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதற்குக் கோடு போட்டதுபோல விளிம்பு இருக்காது. நடுவில் வெள்ளை, வெளியே கறுப்பு, இடையில் இரண்டு மூன்று புள்ளி அகலத்துக்குச் சாம்பல். அளவுகோலின் முனையை அந்தச் சாம்பலின் உள்பக்கம் வைத்தால் ஒரு எண், வெளிப்பக்கம் வைத்தால் இன்னொரு எண். இரண்டு பக்கமும் இப்படித்தான். காலையில் நான் வைத்த இடத்திலேயே மாலையிலும் வைப்பேன் என்று எனக்கே உறுதி சொல்ல முடியாது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2004-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், சிறிய நாட்யூல்களைப் பல ரேடியாலஜிஸ்ட்கள் தனித்தனியாக அளந்தார்கள். சுமார் 1.7 மி.மீ.க்குக் குறைந்த மாற்றத்தை வளர்ச்சி என்று நம்பிச் சொல்ல முடியாது என்பது அதில் வந்த முடிவு. அந்த 2 மி.மீ. விதிக்குப் பின்னால் இந்தத் தடுமாற்றம்தான் இருக்கிறது. விதியே ஒரே முறையில் எடுத்து, ஒரே முறையில் அளந்த படங்களுக்கானது.

உங்களிடம் ஃபிலிம் இருந்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். ஸ்லைஸ் தடிமன், அதாவது ஒவ்வொரு படத்துக்குமான வெட்டின் தடிமன், எத்தனை மி.மீ. என்று போட்டிருக்கும். இரண்டு ஃபிலிமிலும் பார்த்துச் சொல்லுங்கள். ஊசி போட்டு எடுத்தார்களா என்பதையும்.

திருச்சி மகள் எழுதியது:

நன்றி டாக்டர். ஜனவரி ஃபிலிமில் 5.00 என்று இருக்கிறது. சென்னை ஃபிலிமை அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பினார், அதில் 1.00. ஜனவரியில் ஊசி இல்லை. சென்னையில் கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றித்தான் எடுத்தார்களாம்.

ரேடியாலஜி அறை எழுதியது:

அப்போது இந்த இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கவே கூடாது.

உங்கள் அப்பாவின் நாட்யூல் ஒரு மிளகை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதை 5 மி.மீ. தடிமனில் வெட்டிப் பார்த்தால் ஒன்று அல்லது இரண்டு படத்தில்தான் தெரியும். அந்த 5 மி.மீ. துண்டுக்குள் பாதி நாட்யூல், பாதி காற்று என்று இருந்தால் இயந்திரம் இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டு ஒரு மங்கலான சாம்பலைக் காட்டும். விளிம்பு கரைந்துவிடும், அளவு குறைவாக வரலாம். எந்த இடத்தில் வெட்டு விழுந்தது என்பதைப் பொறுத்துக் கூடவும் வரலாம். சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பதுகூட அதில் தவறிப்போகும். 1 மி.மீ. வெட்டில் அதே நாட்யூல் ஏழெட்டுப் படங்களில் வரும். மிக நீளமாகத் தெரியும் படத்தைத் தேடிப் பிடித்து அளக்கலாம். வளராத நாட்யூல்கூட 5 மி.மீ. ஸ்கேனிலிருந்து 1 மி.மீ. ஸ்கேனுக்கு மாறும்போது வளர்ந்ததுபோலத் தெரிய இதுவே போதும்.

இதற்கு மேல் லங் விண்டோ, மீடியாஸ்டைனல் விண்டோ என்று திரையின் வெளிச்ச அமைப்பு வேறு. லங் விண்டோவில்தான் அளக்க வேண்டும். மற்றதில் அளந்தால் அதே நாட்யூல் சிறியதாகத் தெரியும். படத்தைக் கூர்மையாக்கும் கணக்குமுறை சென்டருக்குச் சென்டர் மாறும். மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தார் என்பதும் சேரும். ஊசி மருந்தாலும் சிறு வித்தியாசம் வரலாம், ஆனால் உங்கள் விஷயத்தில் தடிமன்தான் பெரிய காரணமாகப் படுகிறது.

செய்ய வேண்டியது இது. ஜனவரி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சென்னை சென்டருக்கே போங்கள். "இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருவரே அளந்து, ஒப்பிட்டு எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அதற்கு முன் திருச்சி சென்டரில் ஒன்று விசாரியுங்கள். ஃபிலிமில் 5 மி.மீ. அச்சிட்டிருந்தாலும் அவர்கள் கம்ப்யூட்டரில் மெல்லிய வெட்டுப் படத்தொடர் இன்னும் இருக்கலாம். பல சென்டர்களில் டிஸ்க்கில் தடித்த வெட்டுத் தொடரை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தாமதித்தால் அழித்துவிடுவார்கள், இன்றைக்கே போன் செய்யுங்கள்.

கணக்கு ஆசிரியர் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் மருத்துவன் இல்லை, ஆனால் என் மாமனாருக்கும் இதே பிரச்சினை வந்தபோது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாட்யூலை உருண்டை என்று எடுத்துக்கொண்டால் 6 மி.மீ. விட்டத்துக்குக் கன அளவு 113 கன மி.மீ. 8.2-க்கு 289. இரண்டரை மடங்கு! நான்கு மாதம் என்றால் இருமடங்காகும் காலம் 90 நாள் வருகிறது. திட நாட்யூல் புற்றுநோயாக இருந்தால் பெரும்பாலும் 400 நாளுக்குள் இருமடங்காகும் என்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் இது பயமுறுத்துகிறது.

ஆனால் டாக்டர் சொன்ன தடுமாற்றத்தை உள்ளே கொண்டுவாருங்கள். 6 மி.மீ. தப்பாமல் 6 ஆகவே இருந்து, அளந்தவர் கை நடுங்கி 7 என்று எழுதினாலும் 113 என்பது 180 ஆகிறது. இருமடங்காகும் காலம் 180 நாள்! 6 என்றே எழுதினால் வளர்ச்சியே இல்லை. 5 என்று எழுதினால் சுருங்குகிறது. ஒன்றரைப் புள்ளி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனதற்கு விடை புற்றுநோய்க்கும் நிம்மதிக்கும் நடுவே ஊசலாடுகிறது. இவ்வளவு சிறிய உருண்டைக்கு, இவ்வளவு குறைந்த இடைவெளியில், விட்டத்தை வைத்து இருமடங்குக் காலம் போடுவதே சரியில்லை என்பது என் கருத்து.

இன்னொன்றும் கவனித்தேன். கன அளவு இருமடங்காக விட்டம் 26 சதவீதம் கூடினால் போதும். 6 மி.மீ. என்பது சுமார் 7.6 ஆனாலே உள்ளே இருப்பது இருமடங்கு. அதாவது நிஜமாகவே இருமடங்கு வளர்ந்த நாட்யூலையும் 2 மி.மீ. விதி கோட்டை விடக்கூடும். இது இரண்டு பக்கமும் வெட்டும் பிரச்சினை.

ரேடியாலஜி அறை எழுதியது:

ஐயா, ரொம்பச் சரி. அந்தக் கடைசிப் பத்தியை எல்லாரும் இரண்டு தடவை படிக்க வேண்டும். அளவில் பிழை இருக்கிறது என்றால் "கவலைப்படாதே" என்று மட்டும் அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். தெரியவில்லை என்பதுதான் அர்த்தம். தெரிந்துகொள்ள, அடுத்த ஸ்கேனை ஒழுங்காக எடுக்க வேண்டும், போதிய இடைவெளி விட்டு எடுக்க வேண்டும்.

ஈரோடு நண்பர் எழுதியது:

நம்ம நாட்டில் உலக டிபி நோயாளிகளில் கால் பங்கு பேர் இருக்கிறார்கள். நிறையப் பேருக்கு நெஞ்சில் ஏதாவது பழைய தழும்பு இருக்கும். வெளிநாட்டு விதியைப் பார்த்து இங்கே பயப்பட வேண்டியதில்லை. என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லை.

கரூர் மருமகள் எழுதியது:

அண்ணா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். என் மாமியாருக்கு நெஞ்சில் நிழல் என்றதும் சளிப் பரிசோதனையில் கிருமி வராதபோதே டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். "கொடுத்துப் பார்ப்போம்" என்றார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டார். நிழல் கரையவில்லை. கடைசியில் வேறு ஊரில் திசு எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய், அதற்குள் நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருந்தது. அன்றைக்கு யாராவது அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நெஞ்சக ஓ.பி. எழுதியது:

நுரையீரல் மருத்துவராக இருக்கிறேன். கரூர் சகோதரி எழுதியதுபோன்ற கதையை மாதம் ஒருமுறையாவது ஓ.பி.யில் கேட்கிறேன். ஆதாரம் இல்லாமல் டிபி மருந்து ஆரம்பிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

ஈரோடு நண்பர் சொன்ன அடிப்படை உண்மைதான். இங்கே பார்க்கும் சிறு நாட்யூல்களில் ஆறிப்போன டிபி நிறைய. முழுக்கச் சுண்ணாம்பாகிவிட்டது, நட்ட நடுவில் சுண்ணாம்பு, அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு, இப்படியெல்லாம் இருந்தால் அளவைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டுவிடலாம். அதைச் சொல்லவும் மெல்லிய வெட்டுதான் வேண்டும். சுண்ணாம்பு இல்லாத திட நாட்யூலைப் "பழைய தழும்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. பெட் ஸ்கேன் (சுறுசுறுப்பாக இயங்கும் திசுவைப் பளிச்சென்று காட்டும் ஸ்கேன்) எடுத்தால் தெரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். டிபியும் பெட் ஸ்கேனில் பளிச்சென்று எரியும். 8 மி.மீ.க்குக் கீழே இருந்தால் புற்றுநோய்கூட எரியாமல் போகலாம்.

திருச்சி சகோதரிக்கு: ஃப்ளீஷ்னர் 2017-ன்படி திட நாட்யூல் 6-லிருந்து 8 மி.மீ. வரை இருந்தால் 6 முதல் 12 மாதத்தில் மறு ஸ்கேன், ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்கு 18 முதல் 24 மாதத்தில் இன்னொன்று. 8-ஐத் தாண்டினால் 3 மாதத்தில் ஸ்கேன், அல்லது பெட், அல்லது திசு. உங்கள் அப்பா சரியாக அந்த 8 என்ற கோட்டின் மேல் நிற்கிறார். நீளத்தை மட்டும் எடுத்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம், சராசரி எடுத்தால் இந்தப் பக்கம். அதனால்தான் அளந்த முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இவ்வளவு முக்கியம்.

எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் இல்லை. பீடி பிடித்தவர், 62 வயது, மேல் மடல். இவை மூன்றும் சந்தேகத்தைக் கூட்டுபவை. விளிம்பு முள்முள்ளாக இருந்தால் இன்னும் கூடும். பயாப்ஸியும் சாதாரணமில்லை. 8 மி.மீ. இலக்கில் ஊசி சரியாகப் போய்ச் சேருவதே சிரமம். ஐந்தில் ஒருவர் அளவுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு ஏற்படுகிறது. ஒப்பீட்டு ரிப்போர்ட் வரும்வரை பயாப்ஸி வேண்டாம், ஆனால் ஒப்பீட்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

பெங்களூரு தமிழன் எழுதியது:

இப்போதெல்லாம் மென்பொருளே நாட்யூலை மூன்று பரிமாணத்தில் வளைத்துப் பிடித்துக் கன அளவைச் சொல்லிவிடுகிறதே? நெதர்லாந்து, பெல்ஜியத்தில் சி.டி. மூலம் நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நடந்த நெல்சன் ஆய்வு முழுக்க அப்படித்தான் நடந்தது. மனிதக் கை தேவையே இல்லையே.

ரேடியாலஜி அறை எழுதியது:

நெல்சன் அருமையான ஆய்வு. 2020-ல் முடிவு வந்தது. சி.டி. எடுத்துப் பார்க்கப்பட்ட ஆண்களில் பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் மரணம் மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைந்தது. விட்டத்துக்குப் பதிலாகக் கன அளவை நம்பினார்கள். 50 கன மி.மீ.க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை, 500-க்கு மேல் இருந்தால் மேல்சோதனை, நடுவில் இருந்தால் மறுபடி ஸ்கேன் எடுத்து வளர்ச்சியைப் பார்ப்பது. இதற்கு முன் 2011-ல் வந்த அமெரிக்காவின் என்.எல்.எஸ்.டி. என்ற இதே வகை ஆய்வில் 4 மி.மீ. விட்டத்தையே சந்தேகம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் சந்தேகத்துக்குரியவை என்று வந்தவற்றில் 96 சதவீதத்துக்கு மேல் புற்றுநோயே இல்லை. வீணான பயம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். (அதுவும் நுரையீரல் புற்றுநோய் மரணத்தை 20 சதவீதம் குறைத்தது, அதை மறக்கக்கூடாது.)

அதனால் கன அளவு விட்டத்தைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதுவும் தடுமாறும். ஒரே ஆளை மேசையிலிருந்து இறக்கி, திரும்ப ஏற்றி, அதே நாளில் இரண்டாவது முறை எடுத்த ஆய்வுகளில் மென்பொருள் சொன்ன கன அளவு கால் பங்குவரை மாறியது. அதனால்தான் 25 சதவீதத்துக்கு மேல் கூடினால்தான் வளர்ச்சி என்று வைத்திருக்கிறார்கள். நாட்யூல் ரத்தக்குழாயோடு ஒட்டியிருந்தாலோ, நுரையீரல் உறையில் சாய்ந்திருந்தாலோ மென்பொருள் குழாயையும் சேர்த்து வளைத்துவிடும். அது பிடித்த எல்லையை ஒரு கண் பார்த்தே ஆக வேண்டும். முதலில் ஒரு நிறுவனத்தின் மென்பொருள், அடுத்து வேறு நிறுவனத்தினுடையது என்றால் ஒப்பீடு போச்சு. 5 மி.மீ. வெட்டில் கன அளவு போடுவதில் அர்த்தமே இல்லை.

திருச்சி மகள் எழுதியது:

திருச்சியில் மெல்லிய தொடர் இன்னும் அழியாமல் இருந்தது, தனி டிஸ்க்கில் எழுதிக் கொடுத்தார்கள். சென்னையில் ஒரே டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜனவரி 7.6 × 5.4, மே 8.2 × 5.6 என்று எழுதியிருக்கிறார். சராசரி இரண்டுமே முழு எண்ணில் 7. "அளவீட்டுப் பிழை வரம்புக்குள், உறுதியான வளர்ச்சி இல்லை, விளிம்பு வழவழப்பு" என்று முடிவு. நெஞ்சக டாக்டரைப் பார்த்தோம். நவம்பரில் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் ஒப்புக்கொண்டார். நவம்பரில் என்ன கவனிக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

சேலம் வாசகி எழுதியது:

இந்த இழையிலேயே என் கேள்வியையும் கேட்கிறேன். அம்மாவுக்கு 9 மி.மீ., ஆனால் திடமானது இல்லையாம், "கிரவுண்ட் கிளாஸ், தேய்த்த கண்ணாடி போன்ற மங்கலான நிழல்" என்று டாக்டர் விளக்கினார். அம்மா புகையே அறியாதவர். அதே விதிதானா?

ரேடியாலஜி அறை எழுதியது:

இல்லை அம்மா, வேறு. கிரவுண்ட் கிளாஸ் நிழலில் விளிம்பே மங்கல், அதனால் அளப்பது இன்னும் கஷ்டம். சில சளிக்காய்ச்சலாலோ அழற்சியாலோ வந்தவை, தானாக மறைந்துவிடும். 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் 6 முதல் 12 மாதத்தில் பார்த்து, அப்படியே இருந்தால் 2 வருடத்துக்கு ஒருமுறை 5 வருடம்வரை பார்க்கச் சொல்கிறார்கள். புற்றுநோயாக இருந்தாலும் மிக மெதுவாக வளர்வது இதன் குணம். புகைக்காத பெண்களிடமும் வருவதால் "புகை இல்லை, பயமில்லை" என்று விட்டுவிடாதீர்கள். முழு அளவைவிட, உள்ளே திடமான பகுதி புதிதாகத் தோன்றுகிறதா, இருப்பது பெரிதாகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ரிப்போர்ட்டில் முழு அளவு, திடப்பகுதி அளவு இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பெட் ஸ்கேன் இதில் பெரும்பாலும் பொய்யான நிம்மதி தரும்.

சி.டி. டெக்னீஷியன் எழுதியது:

திருச்சி சகோதரி, உங்கள் நவம்பர் கேள்விக்கு நான் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வேலை இது.

முடிந்தால் அதே சென்னை சென்டர், அதே மெஷின். 1 மி.மீ. வெட்டு, குறைந்த கதிர்வீச்சு அளவு. நாட்யூலைத் தொடர்ந்து பார்ப்பதற்கு ஊசி மருந்து தேவையில்லை, டாக்டர் சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். குறைந்த அளவில் எடுத்தால் 1 முதல் 1.5 மில்லிசீவர்ட்தான். சாதாரண நெஞ்சு சி.டி.யில் அதைப்போலப் பல மடங்கு போகும். நீங்கள் பல வருடம் தொடர்ந்து பார்க்கப் போகிறவர்கள், இந்த வித்தியாசம் முக்கியம்.

மூச்சு விஷயம்தான் பெரியது. எங்கள் மெஷினில் பதிவுசெய்த குரல் "மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள்" என்று சொல்லும். வயதானவர்கள் பலருக்கு அது காதில் விழாது, அல்லது ஹிந்தியில் வரும், புரியாது. பாதி மூச்சில் நிறுத்துவார்கள், நடுவில் விட்டுவிடுவார்கள். படம் அசைந்து நாட்யூலின் ஓரம் இரண்டாகத் தெரியும். அப்பாவை வீட்டிலேயே படுக்க வைத்துப் பழக்குங்கள். நெஞ்சு நிறைய இழுத்து, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். காது கேட்பது குறைவு என்றால் உள்ளே போகும் முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள், நாங்கள் மைக்கில் தமிழில் சொல்வோம், தேவைப்பட்டால் கையைத் தொட்டுக் காட்டிவிட்டு வருவோம்.

பழைய டிஸ்க் இரண்டையும் ஸ்கேனுக்கு முன்பே கவுண்டரில் கொடுங்கள். ரிப்போர்ட் டைப் ஆன பிறகு கொண்டுவந்தால் தனியாக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

திருச்சி மகள் எழுதியது:

அப்பாவுக்கு இடது காது கேட்காது, இதை நாங்கள் சென்னையில் சொல்லவே இல்லை. சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுகிறேன். நவம்பர் ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே மூன்று அளவுகளையும் போடுகிறேன், டாக்டர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.